நான் வாசிக்காமல் விட்ட வரி

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவர் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார். கதவுக்கு உள்ளே ஒரு எட்டு வைத்து நின்று, மடக்குக் கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "என்ன மாறிருக்கு?" என்று கேட்பார். யாராவது பதில் சொல்லும்வரை அடுத்த எட்டு வைக்க மாட்டார். "ஒண்ணும் மாறலண்ணே" என்றால் நம்பவும் மாட்டார். "நாற்காலி? தண்ணி கேன்? ஒயரு எதுவும் குறுக்க ஓடுதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்கிக்கொண்டுதான் தன் மேசைக்குப் போவார்.

பிறவியிலிருந்தே அவருக்குக் கண் தெரியாது. எங்களோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார். இதை இன்று சொன்னால் யாரும் பெரிதாக வியக்க மாட்டார்கள். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருஷங்களில், மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துப் பதினோரு கம்ப்யூட்டர்களோடு நடந்த எங்கள் கம்பெனியில் அது வேடிக்கை பார்க்கிற சமாச்சாரம். வேடிக்கை பார்க்கவென்றே சிலர் மாடி ஏறி வந்ததும் உண்டு. அவர்கள் நிற்கிற இடத்தைச் சரியாகத் திரும்பிப் பார்த்து, "டிக்கெட் கீழ எடுத்துட்டீகளா?" என்று கேட்பார்.

அவருடைய மெஷினில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருந்தது. ஸ்க்ரீன் ரீடர் என்பார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அது சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுவார். அந்தக் குரலை எவ்வளவு வேகமாக வைத்திருந்தார் என்றால், ஒருமுறை ஆசைப்பட்டு வாங்கி மாட்டிக்கொண்ட எனக்கு உலை கொதிக்கிற சத்தம்தான் கேட்டது. "இதுல எப்படிண்ணே ஒரு வார்த்தையாவது புரியுது?" என்றேன். "நீ பேப்பர் படிக்கயில எழுத்துக் கூட்டியா படிக்கிற? அது மாதிரித்தான் மாப்ள" என்றார்.

என்னைவிட ஆறேழு வயது பெரியவர். எனக்கு அண்ணே, அவருக்கு நான் மாப்ள. நான் அந்தக் கம்பெனியில் புரோகிராம் எழுதவில்லை. மெஷின்களைப் பார்த்துக்கொள்வது, மென்பொருள்களைப் போடுவது, வைரஸ் வந்தால் திட்டு வாங்குவது, இவைதான் என் வேலை.

அவரை நல்லவர், சாது என்றெல்லாம் சொல்ல முடியாது. கண் தெரியாதவர் என்றால் சாதுவாக இருப்பார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஒரே நாளில் ஏமாந்துபோவார்கள். ஒருநாள் தண்ணீர் கேன் போடுகிறவர் கேனை வேறு இடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்று காலை "ஒண்ணும் மாறலண்ணே" என்று யாரோ தலை நிமிராமல் சொல்ல, இவர் தடுக்கி விழுந்தார். தூக்க ஓடினோம். கையைத் தட்டிவிட்டார். "விழுகுறது எனக்குப் புதுசு இல்ல. அதுக்கு வெக்கமும் இல்ல. கேன் இங்கன இருக்குன்னு பத்துப் பேருக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்ல வாய் வரலைல்ல, அதான்" என்றார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. கேன் வைத்தவரை விட்டுவிட்டு எங்களைத் தண்டிப்பது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

தொலைபேசி எடுப்பது, அலுவலகத்துக்கு வரும் இமெயில்களை இறக்கி உரியவர்களிடம் கொடுப்பது எல்லாம் செல்வி அக்கா. நாற்பது வயதைத் தாண்டியவர், பத்தாவது வரை படித்தவர். சாமி படத்துக்கு அவர் ஊதுபத்தியை மாற்றிவிட்டார் என்று ஒருநாள் இவர் வாசலிலேயே நின்றுகொண்டு வம்பு பண்ணினார். "வாசனைய வச்சுத்தான் நான் வாசல் வந்துருச்சான்னு தெரிஞ்சுக்கிறேன். மாத்துனா ஒரு வார்த்த சொல்லணும்ல?" செல்வி அக்கா, "சாமிகிட்டயே நான் சொல்லல, ஒங்ககிட்டச் சொல்லணுமாக்கும்" என்று முனகிக்கொண்டே மறுநாள் பழைய ஊதுபத்தியையே வாங்கி வந்தார்.

சமயநல்லூரிலிருந்து ஆரப்பாளையம், அங்கிருந்து மாட்டுத்தாவணி போகும் பஸ் என்று இரண்டு பஸ் மாறி வருவார். சித்திரைத் திருவிழா நெருங்கினால் பத்து நாளைக்கு முன்பே கண்டக்டர்களைப் பிடித்து, எந்தத் தேதியில் எந்த பஸ் கோரிப்பாளையம் பக்கம் போகாது, எந்தத் தெருவில் சுற்றும் என்று விசாரித்து வைத்துக்கொள்வார். திருவிழா வாரத்தில் கண் தெரிந்த நாங்கள் திருப்பிவிட்ட பாதைகளில் சிக்கிப் பதினோரு மணிக்கு வந்து சேரும்போது, அவர் ஒன்பதுக்கே வந்து உட்கார்ந்து டீயும் குடித்து முடித்திருப்பார்.

புரோகிராம் எழுத, திருத்த, ஓட்டிப் பார்க்க எல்லாவற்றுக்கும் எங்களுக்கு ஒரே மென்பொருள்தான். எடிட்டர் என்றுதான் சொல்வோம். அதை விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி அவ்வப்போது புது வெர்ஷன் வெளியிடும். நடுநடுவே திருத்தங்களும் வரும். சி.டி. வந்த அன்று மற்றவர்களுக்குப் புதுச்சட்டை போட்ட சந்தோஷம். பட்டன்கள் அழகாக இருக்கும், எழுத்துக்கு நிறம் கூடியிருக்கும். இவர் அன்று அந்த சி.டி.யைத் தன் மெஷின் பக்கம் கொண்டுவரவே விடமாட்டார். எந்தச் சாவியைத் தட்டினால் எது நடக்கும் என்று இருநூறுக்கு மேல் மனப்பாடமாக வைத்திருந்தார். அதில் இரண்டை மாற்றினாலும் அவருக்கு வீட்டுக்குள் சுவர் இடம் மாறியதற்குச் சமம். "புதுசு வேணாம்னு நான் சொல்லல மாப்ள. எதை மாத்துனான்னு சொல்லிட்டு மாத்தட்டும்" என்பார்.

சொல்லத்தான் செய்தார்கள். சி.டி.யோடு ஒரு சின்னப் புத்தகம் வரும். என்ன புதிது, எது இடம் மாறியிருக்கிறது, எது இன்னும் சரியாக வேலை செய்யாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அச்சடித்த புத்தகத்தை அவருடைய மெஷின் வாசிக்காது. அதனால் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் அவருடைய மெஷினில் அதைப் போட விடுவார். இது யாரும் எழுதிவைக்காத ஒப்பந்தம். அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்பார். சலிப்பில் நான் ஒரு வரியைத் தாண்டினால், சோற்றிலிருந்து கை நிற்கும். "ஒரு வரி முழுங்கிட்ட மாப்ள." எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "கண்ணு தாவுறப்ப நீ மூச்ச ஒரு சொட்டு இழுக்குற" என்றார். அப்புறம் ஒருநாளும் நான் தாண்டவில்லை. அந்த ஒரு தடவையைத் தவிர.

அவரை வேலைக்கு எடுக்கும்போது மேனேஜர், "ஆறு மாசம் பாப்போம்" என்று சொல்லியிருந்தார். பிறகு அந்த ஆறு மாதத்தை இன்னும் இரண்டு முறை நீட்டினார். ஒரு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர் இவர். அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாகிவிட்டது, திரும்பிப் போக வழியில்லை. அப்போது நாங்கள் ஒரு வெளிநாட்டுப் பார்சல் கம்பெனிக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். எந்தப் பார்சல் எந்த வண்டியில் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேரும் என்று கணக்குப் போடும் பகுதி இவருடையது. அதை ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். "ஒங்க பகுதி நேரத்துக்குப் போச்சுன்னா நிரந்தரம். போகலன்னா இன்னொரு ஆறு மாசம் கேக்காதீங்க" என்று எல்லார் முன்னாலும் மேனேஜர் சொன்னார். இவர் "சரி சார்" என்றார்.

அந்த வெள்ளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எடிட்டரின் புது வெர்ஷன் வந்தது. பார்சல் கம்பெனிக்காரர்கள், எல்லாம் புது வெர்ஷனில்தான் வர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். புத்தகத்தை நான் முதலில் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில், மூன்றாம் பத்தியில் ஒரு வரி. திரையில் புரோகிராம் எழுதுகிற ஜன்னலைப் புது முறையில் வரைந்திருக்கிறோம், ஆகவே இந்த வெளியீட்டில் அது ஸ்க்ரீன் ரீடர்களோடு சேர்ந்து வேலை செய்யாது.

அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நான் நேராக அவரிடம் போயிருக்க வேண்டும். மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். ஃபைல்களை ஒருமுறை புது வெர்ஷனில் திறந்துவிட்டால் மறுபடி பழையதில் திறக்க முடியாது. ஒருவருக்காகப் பழையதிலேயே நின்றால் பத்துப் பேர் வேலை நிற்கும். "அந்த ஒரு வரிய மட்டும் விட்ருங்க" என்றார். "இப்பச் சொன்னா அவரு போட விடமாட்டாரு. போட்டுட்டோம்னா அப்புறம் என்ன பண்றதுன்னு பாத்துக்கிருவோம். எதாச்சும் வழி இருக்கும்." எனக்கும் அந்த வருஷம் சம்பள உயர்வு வேண்டியிருந்தது, மேனேஜர் முகம் கோணாமல் இருக்க வேண்டியிருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் நான் ஏதோ கட்டாயத்தில் செய்ததுபோல் ஆகிவிடும்.

அன்று மத்தியானம் வாசித்தேன். முந்தின பத்தியின் கடைசி வார்த்தையிலிருந்து அடுத்த பத்தியின் முதல் வார்த்தைக்கு மூச்சை இழுக்காமல் போவதற்குக் காலையிலேயே பாத்ரூமில் நின்று மூன்று தடவை பழகியிருந்தேன். முப்பத்தொன்றாம் பக்கம் வந்தது, போனது. அவருடைய கை சோற்றில் நிற்கவில்லை.

புத்தகம் முடிந்ததும், "எழுதுற ஜன்னல் பத்தி ஒண்ணுமே இல்லையே. அம்புட்டுத்தானா?" என்றார்.

"அம்புட்டுத்தாண்ணே."

"அதுல எப்பவும் எதாச்சும் நோண்டுவாய்ங்களே" என்றார். டிபன் பாக்ஸை மூடினார். "சரி, நீ சொன்னாச் சரிதான். போட்ரு."

நீ சொன்னால் சரிதான் என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மெஷினிலும் போட்டேன். திங்கட்கிழமை காலை அவர் வந்தார், கேட்டார், பதில் வாங்கினார், உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினார். மெனுவெல்லாம் பேசியிருக்க வேண்டும், விரல்கள் ஓடின. ஃபைலைத் திறந்து ஜன்னலுக்குள் போனதும் விரல் நின்றது. கீழ் அம்புக்குறியைத் தட்டினார். மறுபடி தட்டினார். ஹெட்போனைக் கழற்றி ஒயரைப் பிடுங்கிச் செருகினார். மெஷினை அணைத்துப் போட்டார். இரண்டு மேசை தள்ளி நான் யாருடைய பிரிண்டரையோ சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டு, அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, அடித்துக்கொண்டது.

"மாப்ள" என்று கூப்பிட்டார். போனேன்.

"உள்ள போனா ஊமையா இருக்கு. ஒரு எழுத்துச் சத்தம் இல்ல. புத்தகத்துல இதப்பத்தி எதுவும் இருந்துச்சா?"

அந்த இடத்தில்கூட நான் சொல்லியிருக்கலாம். "இல்லண்ணே" என்றேன். "நான் போட்டதுல எதாச்சும் கோளாறா இருக்கும்." இரண்டு முறை கழற்றி மாட்டுவதுபோல் அந்த எடிட்டரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அவர் பக்கத்திலேயே நின்று, "பதட்டப்படாத, ஒம்மேல தப்பு இருக்காது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

சாயங்காலம் ஒரு கடிதம் எழுதி பிளாப்பித் தட்டில் போட்டு, இன்டர்நெட் இருந்த ஒரே மெஷினிலிருந்து அனுப்பச் சொல்லி செல்வி அக்காவிடம் கொடுத்தார். உலகம் முழுக்கக் கண் தெரியாத புரோகிராமர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இமெயில் குழு ஒன்று இருந்தது. அதில் கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை முழுக்க, பேசாத ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சாவியாகத் தட்டிப் பார்த்தார். மேனேஜர் இரண்டு தடவை வந்து பின்னால் நின்றுவிட்டுப் போனார். பாத்துக்கிருவோம் என்று சொன்னவர் என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய பகுதியில் இன்னும் மூன்று துண்டு எழுத வேண்டியிருந்தது.

புதன்கிழமை காலை செல்வி அக்கா பதிலை பிளாப்பியில் போட்டு அவருடைய மேசையில் வைத்தார். அவர் கேட்க ஆரம்பித்தார். பாதியில் அவருடைய முகம் அப்படியே நின்றது. திரும்பக் கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். பிறகு தலையைத் திருப்பாமல், "மாப்ள, இங்க வா" என்றார்.

ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். மாட்டிக்கொண்டேன். அதே கொதிக்கிற சத்தம்.

"புரியுதா?"

"இல்லண்ணே."

ஒரு சாவியைத் தட்டினார். வேகம் குறைந்தது. மறுபடி தட்டினார். என் மாதிரி ஆட்களுக்குப் புரிகிற அளவுக்கு, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திப் பேசும்வரை குறைத்துக்கொண்டே போனார். பிறகு அந்த வரிக்குக் கொண்டுபோய் விட்டார். எந்த நாட்டு மனிதரோ, அதே புத்தகத்தை யாரையோ வைத்து ஒழுங்காக வாசிக்கச் சொல்லிக் கேட்டவர், அப்படியே எழுதி அனுப்பியிருந்தார். பக்கம் முப்பத்தொன்று. மூன்றாம் பத்தி. முழு வரி. அந்த இயந்திரக் குரலுக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. நான் பாத்ரூமில் பழகித் தாண்டிய ஒவ்வொரு வார்த்தையையும் அது நிதானமாக என் காதில் சொல்லி முடித்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். அலுவலகத்தில் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் மேனேஜரையும் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது.

"மேனேஜர்தாண்ணே விடச் சொன்னாரு" என்றேன்.

"மேனேஜரா எனக்குப் படிச்சுக் காட்டுனாரு?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேனா என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவில் இல்லை. கேட்டிருந்தால் நினைவிருக்கும்.

அந்தப் பதிலிலேயே ஒரு வழியும் இருந்தது. எடிட்டரை விட்டுவிட்டு, வெறும் நோட்பேடில் எழுதிச் சேமிக்க வேண்டும். பிறகு கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்து புரோகிராமை ஓட்டிப் பார்க்க வேண்டும். நோட்பேடும் கறுப்புத் திரையும் ஸ்க்ரீன் ரீடரோடு பேசும். ஆனால் எடிட்டர் செய்துகொடுக்கிற உதவி ஒன்றுகூட இருக்காது. பிழை என்றால் வரி எண்ணை மட்டும் சொல்லும். அந்த வரிக்குப் போய்த் திருத்திச் சேமித்து, கறுப்புத் திரைக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதன், வியாழன் இரண்டு நாளும் அவர் முதல் பஸ்ஸில் வந்தார். சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்கவில்லை. வியாழன் மத்தியானம் பொறுக்க முடியாமல் பக்கத்தில் போய், "திரையில வர்றத நான் பாத்துச் சொல்லவாண்ணே? சீக்கிரம் முடியும்" என்றேன்.

"வேணாம் சார்" என்றார். கை தட்டிக்கொண்டே இருந்தது. "நீங்க ஒங்க வேலையப் பாருங்க."

அவர் என்னைச் சார் என்றது அதுதான் முதல் தடவை. திட்டியிருந்தால் தேவலை. கேன் தடுக்கி விழுந்த அன்று திட்டினாரே, அதுபோல நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் நான் அன்றே அழுது தீர்த்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவருடைய பகுதி போனது. பார்சல் கம்பெனிக்காரர்கள் அதில் ஒரு குறையும் சொல்லவில்லை. அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வந்தது. மேனேஜர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, கை கொடுத்தார். இவர் அந்தத் தாளை வாங்கி, செல்வி அக்காவைக் கூப்பிட்டு இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். மேனேஜருக்கு முகம் கறுத்துவிட்டது.

சில மாதங்களில் எடிட்டருக்குத் திருத்தம் வந்தது, சி.டி.யும் புத்தகமுமாக. மத்தியானம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவருடைய மேசைக்குப் போனேன். நானும் டிபன் பாக்ஸ் கொண்டுபோயிருந்தேன்.

"அண்ணே, திருத்தம் வந்திருக்கு."

"மேசையில வச்சிட்டுப் போங்க சார்."

வைத்தேன். செல்வி அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி இங்கிலீஷை வாசிக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தைக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தார். இந்த வேகத்தில் போனால் புத்தகம் முடிய நாலு நாள் ஆகும்.

நகரமாட்டாமல் நின்றுகொண்டு, "அக்காவுக்கு இதெல்லாம் புரியாதேண்ணே" என்றேன்.

"புரியாதுல்ல" என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. "அதனால எதை விடணும்னு அவுகளுக்குத் தெரியாது."

செல்வி அக்கா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தைப் புரட்டி, மேலே இருந்த பக்க எண்ணிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.